ஒரு திமிங்கிலம், ஊருக்கெல்லாம் பங்கு

இந்தோனேஷியாவில் 17,000 தீவுகள். பாலியும் ஜாவாவும் சுமத்ராவும் நமக்குப் பழக்கமான பெயர்கள். லெம்பாட்டா அப்படியல்ல. ஃபுளோரஸ் தீவுக்குக் கிழக்கே இருக்கும் அந்தச் சின்னத் தீவின் தென்கரையில், மலைச் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்கிறது லமலேரா கிராமம். மக்கள்தொகை சுமார் 1,500. எதிரே விரிந்து கிடப்பது சாவு கடல். தமிழ்க் காதுக்கு அபசகுனமாக ஒலிக்கலாம். அது அங்கே உள்ள ஒரு தீவின் பெயர், அவ்வளவுதான்.

லமலேராவின் மண்ணை நம்பி யாரும் பிழைக்க முடியாது. எங்கும் பாறை, செங்குத்துச் சரிவு. ஆகவே கடல்தான் ஊரின் வயல். அந்த வயலில் அவர்கள் தலைமுறை தலைமுறையாக அறுவடை செய்வது ஸ்பெர்ம் திமிங்கிலத்தை. கையில் ஈட்டியோடு.

மே மாதம் பருவம் தொடங்குகிறது. ஊர் கத்தோலிக்க ஊர். 1920களிலேயே பாதிரியார் வந்து தங்கிவிட்டார். கடலில் மாண்டவர்களுக்காக ஒரு பூசை, மறுநாள் மே முதல் தேதி கடற்கரைத் தேவாலயத்தில் படகுகளுக்கு மந்திரிப்பு. மலைமேல் இருக்கும் ஒரு பாறைக்கு முன்னோர் முறைப்படி சடங்கு செய்து திமிங்கிலத்தை அழைப்பதும் உண்டு. இரண்டுக்கும் அங்கே சண்டை இல்லை. பருவம் முடிந்த மாதங்களில், கடலில் நீர் பீச்சுவது எவர் கண்ணிலாவது பட்டால் 'பலேயோ!' என்ற கூவல் வீட்டுக்கு வீடு தாவுகிறது. செய்த வேலையைப் போட்டுவிட்டு ஆண்கள் கரைக்கு ஓடுகிறார்கள்.

படகின் பெயர் தேனா. ஆணி கிடையாது, மரமுளைகளும் கட்டுகளுமே பலகைகளைப் பிடித்து நிற்கின்றன. எந்தப் பலகைக்குப் பக்கத்தில் எந்தப் பலகை என்பதை முன்னோர் தீர்மானித்துவிட்டார்கள்; மாற்றக் கூடாது. முகப்பில் மூங்கில் மேடையில் நிற்கும் ஈட்டிக்காரருக்கு லமாஃபா என்று பெயர். அவர் ஈட்டியை எறிவதில்லை. ஈட்டியோடு சேர்ந்து தானும் திமிங்கிலத்தின் மீது பாய்கிறார், உடம்பின் எடை முழுவதும் முனையில் இறங்கும்படி. அப்புறம் கயிறு, படகு, ஆட்கள், எல்லாம் திமிங்கிலத்தின் தயவில். 1994இல் ஈட்டி பட்ட திமிங்கிலம் படகுகளை ஆழ்கடலுக்கு இழுத்துப் போனது. தத்தளித்தவர்களை ஒரு சுற்றுலாக் கப்பல் காப்பாற்றியது.

இதுவரை சொன்னது சாகசக் கதை. வெளியிலிருந்து வரும் கேமராக்களும் இத்தோடு நின்றுவிடுகின்றன. லமலேராவின் உண்மையான அதிசயம் திமிங்கிலம் கரை சேர்ந்த பிறகு தொடங்குகிறது.

திமிங்கிலத்தின் உடம்பில் உரிமையாளர் இல்லாத பகுதி கிடையாது. ஈட்டி பிடித்தவருக்கு ஒரு பங்கு, துடுப்பு போட்டவர்களுக்குப் பங்கு, படகு கட்டிய தச்சருக்கு, ஈட்டிமுனை அடித்த கொல்லருக்கு, பாய் முடைந்தவருக்கு. லமலேராக்காரர்கள் கடல்வழி வந்து குடியேறியவர்கள். அவர்களுக்கு முன் அந்த மண்ணில் இருந்த குலத்தாருக்குத் தலைப் பகுதியில் உரிமை. பங்கு கிடைத்தவர்கள் உறவுக்கும் அண்டை வீட்டுக்கும் கொடுத்தாக வேண்டும். கடலுக்குப் போக ஆண் இல்லாத வீட்டிலும் அன்று மாமிசம் காயும்.

மிச்சத்தைப் பெண்கள் பார்த்துக்கொள்கிறார்கள். வெயிலில் உலர்த்திய மாமிசத்தைத் தலையில் சுமந்து மலைக் கிராமங்களுக்கு நடக்கிறார்கள்; சோளமும் வாழைப்பழமும் கிழங்குமாகத் திரும்புகிறார்கள். பக்கத்து ஊரான வுலாண்டோனியில் சனிக்கிழமைச் சந்தை. விசில் ஊதியதும் பண்டமாற்று ஆரம்பம். மலைக்காரருக்குக் கடல் தெரியாது, கடல்காரருக்கு நிலம் கிடையாது. ஒருவருக்கு ஒருவர் வேண்டும்.

இந்தப் பங்கீட்டோடு ஒரு நம்பிக்கையும் கட்டுண்டிருக்கிறது. வேட்டை பொய்த்தால் குறை கடலில் இல்லை. கரையில் யாரோ யாருடனோ சண்டை போட்டிருக்கிறார்கள். முதலில் அதைத் தீர். வெளியாருக்கு இது மூடநம்பிக்கை. கைவசம் மரப்படகும் ஈட்டியும் மட்டுமே உள்ள ஊருக்கு, ஒற்றுமையும் ஒரு வேட்டைக் கருவி.

வெளியுலகம் இந்த ஊரை இருமுறை திருத்தப் பார்த்தது. 1973இல் ஐ.நா.வின் உணவு, விவசாய அமைப்பு ஒரு நார்வே திமிங்கில வேட்டைக்காரரை அனுப்பியது, நவீன முறையில் நிறையப் பிடிக்கக் கற்றுத்தர. திட்டம் ஒட்டவில்லை. பிறகு காற்று திசை மாறியது. 1982இல் சர்வதேசத் திமிங்கில ஆணையம் வணிக வேட்டைக்குத் தடை தீர்மானித்தது. இந்தோனேஷியா அதில் உறுப்பினர் இல்லை. ஆனால் 1999இல் தன் சொந்த விதிமுறையில் திமிங்கிலங்களைப் பாதுகாக்கப்பட்ட உயிரினங்களாக அறிவித்தது. லமலேராவின் வேட்டையை மட்டும் பழைய வழக்கம் என்று கண்டும் காணாமல் விட்டது. 2009இல் சாவு கடலைத் தேசியக் கடல் பூங்காவாக்கும் அறிவிப்பு வந்தபோது ஊர் கொதித்தது; லெம்பாட்டாவின் கடல் பூங்காவுக்கு வெளியே விடப்பட்டது. ஆனால் 2014இல் மான்டா திருக்கைக்கு முழுப் பாதுகாப்பு வந்தது. திமிங்கிலம் வராத நாட்களில் ஊரின் வயிற்றை நிரப்பிய மீன் அது.

இன்னொரு விசித்திரம். 1999 முதல் 2001 வரை இந்தோனேஷியாவின் சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த சோனி கெராஃப், லமலேராவில் பிறந்தவர். அந்நாட்டு மாணவர்களுக்குப் பாடநூல் எழுதிய மொழியறிஞர் கோரிஸ் கெராஃபும் அதே ஊர்க்காரர்.

ஸ்பெர்ம் திமிங்கிலம் அருகிவரும் உயிரினம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் உலகக் கடல்களில் அதை அருகச் செய்தவை எண்ணெய்க்காக வேட்டையாடிய கம்பெனிக் கப்பல்கள், மரமுளைப் படகுகள் அல்ல. லமலேராவுக்கு நல்ல ஆண்டில் சில பத்துத் திமிங்கிலங்கள் கிடைக்கும். மோசமான ஆண்டில் விரல் விட்டு எண்ணிவிடலாம்.

ஊரை நிஜமாக அசைப்பது சட்டம் அல்ல, எஞ்சின். வெளிப்புற மோட்டார் பொருத்திய சிறு படகுகளை ஊரில் ஜோன்சன் என்கிறார்கள். ஜான்சன் கம்பெனி எஞ்சினின் பெயர் படகுக்கு ஒட்டிக்கொண்டது. தேனாவுக்குப் பத்துப் பன்னிரண்டு பேர் வேண்டும்; ஜோன்சனுக்குச் சிலர் போதும். ஆள் குறைந்தால் பங்குதாரர் குறைகிறார்கள். பெட்ரோலைச் சோளத்துக்கு மாற்றிக்கொள்ள முடியாது. அதற்குக் காசு வேண்டும். காசுக்காகப் பிடித்த மீன் சந்தைக்குப் போகிறது, அடுத்த வீட்டுக்குப் போவதில்லை.

வேட்டையை விட்டுவிட்டுத் திமிங்கிலத்தைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிப் பிழையுங்கள் என்று இப்போது யோசனை சொல்கிறார்கள். நல்ல யோசனையாகவும் இருக்கலாம். ஆனால் அதைச் சொல்பவர்கள் ஒரு கணக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: பயணி தரும் டிக்கெட் பணத்தில் தச்சருக்கு எவ்வளவு, கொல்லருக்கு எவ்வளவு, கடலில் கணவனைப் பறிகொடுத்தவளுக்கு எவ்வளவு?