கூலி மாறியது, வீடு மாறியதா?

சுரங்கம் மூடப்பட்டால், ஆண்கள் வேலை இழந்தனர் என்று வருந்துகிறோம். அத்துடன் நம் அக்கறை முடிந்துவிடுகிறது. அவ்வீட்டுப் பெண்ணின் தோளில் ஏறிய சுமையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை.

கோலார் தங்கவயலை எண்ணிப் பாருங்கள். 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் அங்கே தங்கம் அகழத் தொடங்கியபின், வட ஆர்க்காட்டுப் பகுதியிலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், அங்குச் சென்று குடியேறினர். காலப்போக்கில் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தை எட்டியது. நிலத்தடியில் பெண்கள் வேலை செய்யலாகாதென 1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டம் தடுத்தது. 2019இல்தான் அத்தடை தளர்ந்தது. பாதுகாப்பு எனச் சொல்லப்பட்ட அத்தடைக்கு மறுபக்கமும் உண்டு. நிலத்தடி வேலையின் கூலி ஆணின் கைக்கே வந்தது. குடியிருப்பும் மருத்துவமும் அவன் வேலையோடு பிணைந்திருந்தன. அவனே குடும்பத் தலைவன் என்பதைச் சம்பளப் பட்டியல் மாதந்தோறும் உறுதி செய்தது.

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. விடியுமுன் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, ஏறத்தாழ 100 கிலோமீட்டர் கடந்து பெங்களூருக்குப் பிழைப்புத் தேடிச் செல்லும் கூட்டத்தில் பெண்களும் சேர்ந்தனர். ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலும் பிறர் வீடுகளிலும் உழைத்துவிட்டு இருட்டியபின் திரும்பியவளுக்கு அடுப்பும் காத்திருந்தது. பாறைத் தூசு நுரையீரலை அரித்த கணவனைப் பேணுவதும் அவள் பொறுப்பே.

“பெண் சம்பாதிக்கிறாள், எனவே விடுதலை பெற்றுவிட்டாள்” என்பார் சிலர். கூலி அவளுடையதாகி, முடிவெடுக்கும் உரிமை அவனிடமே இருக்குமானால் அது விடுதலை ஆகுமா? “வேலையற்றவனின் மனம் புண்பட்டிருக்கிறது; மனைவிதான் பொறுத்துப்போக வேண்டும்” என்பார் வேறு சிலர். புண்பட்டது மெய்யே. அத்துயரத்தை நாம் எளிதாக எண்ணவில்லை. ஆயினும் சோறு வடிக்கவும் தண்ணீர் சுமக்கவும் அது அவன் கைகளைக் கட்டிப்போடுமா?

பள்ளங்கியிலிருந்து பார்த்தால் தங்கவயல் வெகு தொலைவு. ஆனால் அதே 2001இல், பாதரசக் கழிவு அம்பலமானபின், அருகிலுள்ள கொடைக்கானலில் வெப்பமானித் தொழிற்சாலை மூடப்பட்டது. மூடியது நியாயமே. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கான உடன்பாடு 2016இல்தான் வந்தது. இடைப்பட்ட 15 ஆண்டுகள் அந்த வீடுகளில் அடுப்பெரியப் பாடுபட்டவர்கள் யார், நோயாளியின் அருகில் விழித்திருந்தவர்கள் யார் என்று நாம் கேட்டோமா?

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் உழைப்பைக் குறித்து எழுதிய சுற்றுமடலில், தாயின் பாடுகளைச் சமூகம் புதிதாய் மதிப்பிட வேண்டுமென வலியுறுத்தினார். அம்மதிப்பு அன்னையர் விழாவின் வாழ்த்துரையோடு நின்றுவிடலாகாது. ஆலை மூடும்போது தரப்படும் இழப்பீடு கணவன், மனைவி இருவர் பெயரிலும் வரட்டும். குடியிருப்பின் உரிமையும் அவ்வாறே அமையட்டும். தொழிற்சங்கமும் பங்குப் பேரவையும் இதைக் கோர வேண்டும். சட்டத்திற்காகக் காத்திராமல் இன்றே தொடங்கக்கூடியது ஒன்றுண்டு: வேலையிழந்து வீட்டிலிருக்கும் ஆண்மகன், மனைவி திரும்புமுன் உலையேற்றட்டும். அதில் அவனுக்கு இழிவு ஏதுமில்லை.