ஹாலில் ஒரு முழக்கம்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சாப்பாடு ஆகி, ஜன்னல் திரைகளை இழுத்து விட்டு, வீட்டிலேயே சினிமா பார்க்க எல்லோரும் ஹாலில் கூடியிருக்கிறீர்கள் என்று வைத்துக் கொள்ளுங்கள். படத்தில் பெரிய புயல், இடி, மின்னல். பின்சுவரை ஒட்டி நாற்காலியில் சாய்ந்திருக்கும் மாமியார், "டேய், குறைடா! நெஞ்சே அதிர்கிறது!" என்கிறார். சோபாவில் இருக்கும் உங்கள் வீட்டுக்காரர், "சரியாகத்தானே அம்மா இருக்கிறது?" என்கிறார். சமையற்கட்டில் வேலையை முடித்துவிட்டு, ஹாலுக்கு நடுவில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக் கொண்டு உட்கார்ந்த நீங்களோ, "எங்கே இடி? எனக்கு ஒன்றும் கேட்கவில்லையே!" என்கிறீர்கள்.

மூன்று பேரில் யார் சொல்வது பொய்? ஒருவருமில்லை. மூன்று பேரும் கேட்டதைத்தான் சொன்னார்கள். ஒரே ஹாலில், ஒரே படத்துக்கு, மூன்று விதமான இடி விழுந்திருக்கிறது!

இதற்குக் காரணம் டெலிவிஷனுக்குப் பக்கத்தில் கறுப்புப் பெட்டியாக உட்கார்ந்திருக்கிறதே, அந்த 'சப்வூஃபர்'. அதுவும் ஒற்றைக்கு ஒன்றாக இருப்பதுதான் சங்கடம். இதைத் தெரிந்து கொண்டால் தகராறும் தீரும், பணமும் வீணாகாது. 'இன்னும் பெரிய பெட்டியாக வாங்கிவிடலாம்' என்று வீட்டில் யாராவது கிளம்பினால், அதைத் தடுப்பதற்கும் உங்களிடம் நியாயம் இருக்கும்.

கடையில் 5.1 என்று சொல்லி விற்கிறார்கள் அல்லவா? அதில் ஐந்து என்பது சாதாரண ஒலிபெருக்கிகள். புள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஒன்று, அடிமட்ட ஒலிக்கென்று தனியாக ஒதுக்கிய பாதை. விநாடிக்கு 120 அதிர்வுக்கு மேல் அதில் போகாது. இடி, பீரங்கி, பூமி அதிர்ச்சி இவையெல்லாம் அந்த வழியாகத்தான் வருகின்றன. இந்த அடிமட்ட ஒலியின் மீது சினிமாக்காரர்களுக்கு வெகு நாளாகவே ஓர் ஆசை. 1974-ல் அமெரிக்காவில் 'எர்த்க்வேக்' என்று பூகம்பத்தைப் பற்றிய படம் வந்தபோது, 'சென்ஸரவுண்ட்' என்ற பெயரில் தியேட்டருக்குள் ராட்சத ஒலிபெருக்கிகளைக் கொண்டு வந்து வைத்தார்கள். ஹாலிவுட்டிலுள்ள சைனீஸ் தியேட்டரில், கூரையிலிருந்து காரை பெயர்ந்து ஜனங்கள் தலையில் விழாமல் இருக்க வலை கட்டி வைத்தார்கள்! அந்த ஆசைதான் இன்று சிறு பெட்டியாகி நம் ஹாலுக்குள் வந்திருக்கிறது. வலை கட்டும் அவசியம் நமக்கு வராது என்று நம்புவோம்.

சரி, ஒரே பெட்டி மூன்று பேருக்கு மூன்று விதமாகக் கேட்பானேன்?

ஒலி என்பது காற்றில் ஓடும் அலை. நம் ஊர் வெப்பத்தில் விநாடிக்குச் சுமார் 1,145 அடி ஓடும். குயில் கூவுவது போன்ற மேல் ஒலிகளின் அலைக்கு நீளம் குறைவு. அங்குலக் கணக்கில் அடங்கிவிடும். அடிமட்ட ஒலி அப்படியில்லை. விநாடிக்கு 40 தடவை அதிரும் முழக்கத்தின் ஒரே ஓர் அலை 28 அடிக்கு மேல் நீளும். நம் ஹால் எவ்வளவு? 16 அடிக்கு 11 அடி இருந்தால் பெரிய ஹால். ஆக, அலை பெரிது, அறை சிறிது. அந்த அலை ஓடுவதற்கு இடமில்லாமல் சுவரில் மோதித் திரும்பி, திரும்பி வரும் அலை போகும் அலையோடு சேர்ந்து, அறைக்குள்ளேயே நின்று ஆடத் தொடங்குகிறது.

பூங்காவில் குழந்தைகள் ஏறி விளையாடும் 'ஸீ-ஸா' பலகையை நினைத்துக் கொள்ளுங்கள். ஒரு முனை மேலே போனால் மறு முனை கீழே வரும். நடுவில் இருக்கும் தாங்கு கட்டை மட்டும் அசையாது. அறைக்குள் காற்றின் அழுத்தமும் அதே மாதிரி ஆடுகிறது. 16 அடி நீள அறையில் இந்த ஆட்டம் விநாடிக்குச் சுமார் 36 தடவை. முன்சுவரிலும் பின்சுவரிலும் ஆட்டம் முழு வேகம். அதனால்தான் சுவரோரம் இருந்த மாமியாருக்கு நெஞ்சு அதிர்ந்தது. சரியாக 8 அடியில், அறையின் நட்டநடுவில், அந்த ஒலிக்கு ஆட்டமே இல்லை. நீங்கள் நாற்காலி போட்டது அங்கே! சோபா இரண்டுக்கும் இடையில் இருந்ததால் வீட்டுக்காரருக்கு எல்லாம் சரியாகவே பட்டது.

போதாக்குறைக்கு நம் காதுக்கும் ஒரு குணம் உண்டு. 1933-ல் அமெரிக்காவிலுள்ள பெல் ஆராய்ச்சிக் கூடத்தைச் சேர்ந்த ஃப்ளெட்சர், மன்ஸன் என்ற இருவர் மனிதக் காதை ஆராய்ந்து இதை விவரமாகச் சொன்னார்கள். அடிமட்ட ஒலி நிறைய இருந்தால்தான் நம் காதுக்கு எட்டும். ஆனால், எட்டிவிட்ட பிறகு கொஞ்சம் கூடினாலும் வெகுவாகக் கூடியதாகத் தோன்றும். ஆகவே பக்கத்துப் பக்கத்து ஆசனங்களுக்குள் இருக்கும் சிறு பேதமும் காதில் பெரிதாக விழுகிறது.

"பேதத்தைச் சரிக்கட்டத்தான் இப்போது மைக்ரோபோன் கொடுக்கிறார்களே! அதை வைத்தால் பெட்டியே கணக்குப் போட்டுக் கொள்ளுமாமே?" என்று விஷயம் தெரிந்தவர்கள் கேட்பீர்கள். வாஸ்தவம். மிதமிஞ்சி முழங்குவதை அது குறைக்கும். அந்த மட்டில் உபகாரம்தான். ஆனால் ஒலியே விழாத இடத்தில் அதன் வித்தை பலிக்காது. அங்கே எவ்வளவு சக்தியைக் கொட்டினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதைதான். அதற்குள் பின்சுவர் நாற்காலிக்காரருக்குப் பிராணன் போய்விடும். ஓர் ஆசனத்துக்குச் செய்த வைத்தியம் அடுத்த ஆசனத்துக்கு வியாதி. கனமான திரை போடுவது, ஜமக்காளம் விரிப்பது இவையெல்லாம் பேச்சொலியின் எதிரொலியைக் குறைக்கும். 28 அடி அலைக்கு உங்கள் ஜமக்காளம் ஒரு பொருட்டே இல்லை.

இப்போது மறுபடியும் அந்த ஸீ-ஸா பலகைக்கு வாருங்கள். ஒரு முனையில் மட்டும் ஒருவர் அழுத்தினால் பலகை ஆடுகிறது. இரண்டு முனைகளிலும் இரண்டு பேர் ஒரே சமயத்தில், ஒரே பலத்தோடு கீழே அழுத்தினால்? பலகை எந்தப் பக்கமும் சாயாது. இரண்டு சப்வூஃபர்களின் ரகசியம் இவ்வளவுதான். முன்சுவரின் நடுவில் ஒன்று, பின்சுவரின் நடுவில் ஒன்று வைத்து, இரண்டும் ஒத்து முழங்கும்படி செய்தால், நீளவாட்டில் உண்டாகும் அந்த 36 ஆட்டம் அடங்கிப் போகிறது. இன்னொரு லாபமும் கிடைக்கிறது. ஹாலின் 11 அடி அகலத்திலும் விநாடிக்குச் சுமார் 52 தடவை ஆடும் ஓர் ஆட்டம் உண்டல்லவா? பெட்டி சுவரின் மத்தியில் இருப்பதால் அந்த ஆட்டத்தின் தாங்கு கட்டை மேல் உட்கார்ந்திருக்கிறது. தாங்கு கட்டையை அழுத்திப் பலகையை ஆட்ட முடியுமா? முடியாது.

இது என் சொந்தக் கற்பனை அல்ல. அமெரிக்காவில் ஹார்மன் என்னும் ஒலிபெருக்கிக் கம்பெனியில் ஆராய்ச்சி செய்த டாட் வெல்டி என்பவர், 'எத்தனை சப்வூஃபர் போதும்?' என்ற கேள்வியையே எடுத்துக் கொண்டு, 2002-ல் ஒலிப் பொறியியல் சங்கத்தின் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார். செவ்வக அறையில் விதவிதமான இடங்களில் பெட்டிகளை வைத்து, பல ஆசனங்களிலும் ஒலி எவ்வளவு ஒரே சீராக விழுகிறது என்று பார்த்தார். நான்கு சுவர்களின் நடுவிலும் ஒவ்வொன்றாக நான்கு வைத்தால் மிக நன்றாக இருந்தது. எதிரெதிர்ச் சுவர்களின் நடுவில் இரண்டு வைத்தாலே ஏறக்குறைய அவ்வளவு நன்றாக இருந்தது. நான்குக்கு மேல் அடுக்குவதில் சொல்லும்படியான பிரயோஜனம் இல்லை. ஏர்ல் கெட்டிஸ் என்ற மற்றொரு நிபுணருக்கு வேறு அபிப்பிராயம். மூன்று பெட்டிகளை ஒழுங்கில்லாமல் இங்கொன்றும் அங்கொன்றுமாக வைத்தாலே போதும் என்பார் அவர். நிபுணர்கள் சண்டையில் நாம் தலையிட வேண்டாம். ஒன்று போதாது என்பதில் இருவரும் ஒத்துப் போகிறார்கள். நம் மாதிரிக் குடும்பங்களுக்கு இரண்டு தாராளம் என்பது என் கட்சி. நான்கு பெட்டி வைத்தால் ஹாலில் மனிதர் உட்கார இடம் வேண்டாமா?

தனியாக ஒருவர் மட்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து படம் பார்க்கும் வீட்டில் ஒரு பெட்டியே போதும். அதை இடம் பார்த்து வைத்துக் கொண்டால் முடிந்தது. இரண்டாவது பெட்டி குடும்பத்துக்காக ஏற்பட்டது. செய்தியும் தொடர் நாடகமும்தான் பார்ப்போம் என்கிறவர்களுக்கு முதல் பெட்டியே அநாவசியம். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல மிக்ஸி வாங்கலாம்.

வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியவை சில. ஒரு பெரிய பெட்டிக்கு ஆகும் பணத்தில் இரண்டு நடுத்தரப் பெட்டிகள் கிடைக்குமானால் யோசிக்காமல் இரண்டை வாங்குங்கள். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே ரகமாக இருக்கட்டும். கூடை சுமக்க இரண்டு பேர் வந்தால் ஒருவரும் மூச்சு வாங்குவதில்லை. அதே போல, முன்பு ஒரு பெட்டி தந்த ஒலியை இரண்டாகத் தரும்போது ஒவ்வொன்றின் உழைப்பும் பாதியாகிறது. ஒலியும் கரகரக்காமல் சுத்தமாக இருக்கிறது. எனவே இரண்டாவது பெட்டியை இணைத்த கையோடு இரண்டின் குமிழையும் குறைத்து வையுங்கள். குறைக்க மறந்தால், கூட்டாக முழங்கும்போது 6 டெசிபல் வரை ஏறிவிடும்.

பெட்டியின் பின்புறம் 0 என்றும் 180 என்றும் போட்ட ஸ்விட்ச் ஒன்று இருக்கும். இரண்டு பெட்டிகளிலும் முதலில் அதை 0-வில் வையுங்கள். முழக்கமான ஒரு பாட்டை ஓட விட்டு, ஒன்றில் மட்டும் ஸ்விட்சை மாற்றிப் பாருங்கள். உட்காரும் இடங்களில் எந்த நிலையில் முழக்கம் நிறைந்து கேட்கிறதோ, அதுவே சரி. ஒன்று தள்ளும்போது மற்றது இழுத்தால், இரண்டு பெட்டி வாங்கியும் ஒரு பெட்டிக்குச் சமானமில்லை.

நம் ஹால்கள் ஆராய்ச்சிக் கூடத்து அறை மாதிரி நான்கு பக்கமும் அடைத்த செவ்வகமல்ல என்பது உண்மை. ஒரு பக்கம் சாப்பாட்டு மேஜைக்குத் திறந்திருக்கும். இன்னொரு பக்கம் பால்கனி. ஆகவே, எதிரெதிர்ச் சுவர் என்பதை ஆரம்பமாக வைத்துக் கொண்டு, பிறகு காதை நம்புங்கள். ஒரு வேடிக்கையான உபாயம் உண்டு. ஒரு பெட்டியைத் தூக்கி, நீங்கள் வழக்கமாக உட்காரும் சோபா மீதே வையுங்கள். பாட்டை ஓட விட்டுவிட்டுச் சுவரோரமாக மண்டி போட்டுத் தவழ்ந்து வாருங்கள். எந்த இடத்தில் முழக்கம் சீராகக் கேட்கிறதோ அங்கே பெட்டியை வைக்கலாம். பெரியவர்கள் தவழ்வதைப் பார்த்துக் குழந்தைகள் சிரித்தால் சிரிக்கட்டும்; அந்த வேலையை அவர்களிடமே கொடுத்துவிட்டால் இன்னும் நல்லது.

அடுக்கு வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இரண்டு பெட்டி வைத்தால் பக்கத்து வீட்டுக்குக் கேட்காது என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். பேச்சைத் தடுக்கும் சுவர் இந்த முழக்கத்தை அவ்வளவாகத் தடுப்பதில்லை. கேட்காத ஆசனத்துக்காரருக்காக ஒலியை ஏற்றிக் கொண்டே போகும் அவசியம் இனி இல்லாததால், மொத்தத்தில் அளவோடு வைக்க முடியும், அவ்வளவுதான் லாபம். கீழ் வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டு பெட்டிகளின் ஸ்விட்சையும் அணைத்து விடுங்கள். வசனம் தெளிவாகவே கேட்கும்.

கடைக்குக் கிளம்புமுன் பின்சுவரின் நடுவில் பிளக் பாயின்ட் இருக்கிறதா, முன்சுவரிலிருந்து அதுவரை ஒயர் போக ஓரமாக வழி இருக்கிறதா என்று பார்த்து வையுங்கள். நடக்கிற பாதையில் ஒயர் கிடக்கக் கூடாது. வயதானவர்கள் காலில் சிக்கும். ஒயரில்லாமல் இணைக்கும் கருவியும் கிடைக்கிறது, ஆனாலும் பிளக் வேண்டும். பெட்டியைப் பூட்டிய பிறகு கண்ணாடி பீரோவையும், அலமாரி எவர்சில்வர் டம்ளர்களையும் ஒரு தரம் கவனியுங்கள். இடி விழும்போது 'கிணுகிணு' என்று சேர்ந்து பாடுகிற டம்ளர்களுக்கு அடியில் ஒரு பழைய துணியை மடித்துப் போட்டால் போதும்.