டெர்ரியர் நாய்: உருவம் சிறிது, பொறுப்பு பெரிது

கிராமபோன் பெட்டி இருந்த வீடுகளில், குழாயின் முன் தலையைச் சாய்த்து அமர்ந்து காது கொடுத்துக் கேட்கும் வெள்ளை நாயின் படத்தை அறியாதவர் இல்லை. நிப்பர் என்ற அந்த நாய் 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது, டெர்ரியர் கலப்பு. வீட்டுக்கு வருவோரின் கணுக்காலைக் கவ்வும் வழக்கத்தால் அதற்கு அப்பெயர் வந்தது என்பர். படத்தில் சாது, நடப்பில் துடுக்கு. சிறிய டெர்ரியர் நாயை வளர்க்க விரும்பும் குடும்பத்தார் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய செய்தி இதுவே.

"மடியில் அடங்கும், கொஞ்சம்தான் தின்னும், சிறிய வீட்டிலும் வளர்க்கலாம்" என்று எண்ணிக் குட்டியை வாங்குவோர் பலர். அளவைப் பார்த்து நாயைத் தேர்ந்தெடுப்பது, கொம்பைப் பார்த்துக் கறவை மாடு வாங்குவதைப் போன்றது. டெர்ரியர் உருவத்தில் சிறிதாயினும் குணத்தில் வேட்டை நாய். அதற்கு வேலையும் நேரமும் தர இயலாத குடும்பம் அதை வாங்காதிருப்பதே நலம்.

வளைக்குள் புகும் இனம்

'டெர்ரியர்' என்ற சொல், மண் எனப் பொருள்படும் 'டெர்ரா' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மண்ணைத் தோண்டி வளைக்குள் புகுந்து, நரியையும் எலியையும் வெளியேற்றுவதற்கென்றே பிரிட்டனில் உருவாக்கப்பட்ட இனங்கள் இவை. இன்று பலரும் விரும்பும் ஜாக் ரஸ்ஸல் டெர்ரியர், இங்கிலாந்தின் டெவன் பகுதியில் வாழ்ந்த ஜான் ரஸ்ஸல் (1795-1883) என்ற பாதிரியாரின் பெயரைத் தாங்கியது. அவர் மாணவராக இருந்தபோது 1819-ல் பால்காரர் ஒருவரிடமிருந்து வாங்கிய 'ட்ரம்ப்' என்ற பெட்டை நாயே அவருடைய நாய்ப் பரம்பரைக்குத் தாய் என்று கூறப்படுகிறது. இந்த நாய் 25 முதல் 30 செ.மீ. உயரமும் 5 முதல் 6 கிலோ எடையும் உள்ளது. யார்க்ஷயர் டெர்ரியர் இதைவிடச் சிறியது. 3 கிலோ அளவில்தான் இருக்கும். அதுவும் நெசவாலைகள் நிறைந்த வட இங்கிலாந்தில் எலி பிடித்துப் பிழைத்த நாய்களின் வழி வந்ததே.

பல தலைமுறைகளாக ஊறிய இக்குணம், பட்டு மெத்தையில் படுக்க வைத்தால் போய்விடாது. பகல் முழுதும் சங்கிலியில் கட்டிப் போடப்பட்ட டெர்ரியர் ஓயாமல் குரைக்கும், மண்ணைத் தோண்டும், செருப்பைக் கடித்துக் குதறும். "கெட்ட நாய்" என்று பழி சுமத்தி, அதைத் தெருவில் விடுவோரும் உண்டு. பழி நாயினுடையது அன்று, யோசியாமல் வாங்கியவருடையது.

எவருக்கு ஏற்றது?

காலையும் மாலையுமாக நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரம் நாயுடன் நடக்கவும் விளையாடவும் வீட்டில் ஒருவர் இருக்க வேண்டும். இந்த நாய்கள் 13 முதல் 15 ஆண்டுகள் வரை வாழக்கூடியவை. பள்ளியில் சேரும் வயதில் பிள்ளை கேட்டதற்காக வாங்கிய குட்டி, அப்பிள்ளை கல்லூரியை முடிக்கும் வரை இருக்கும் என்பதைக் கணக்கிட வேண்டும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை இருக்கும் வீட்டுக்கு யார்க்ஷயர் ஏற்றதன்று. அதன் எலும்பு மெல்லியது. குழந்தை தூக்கிக் கீழே போட்டாலே முறிந்துவிடும். எந்த நாயையும் சிறு குழந்தையுடன் தனியே விடலாகாது.

கோழி, முயல் வளர்ப்போரும் யோசிக்க வேண்டும். ஓடும் சிறு பிராணியைத் துரத்திப் பிடிப்பது டெர்ரியரின் இயல்பு. குட்டிப் பருவத்திலிருந்து பழக்கினாலும் முழுதாக நம்ப இயலாது. காவலுக்கு மட்டும் நாய் வேண்டும் என்போருக்கு நல்ல நாட்டு நாய்க் குட்டியே போதும். அது வெயிலைத் தாங்கும், செலவும் குறைவு.

குட்டியைத் தேர்ந்தெடுத்தல்

2017-ம் ஆண்டின் நாய் இனப்பெருக்கம் மற்றும் விற்பனை விதிகளின்படி எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. தாயையும் உடன்பிறந்த குட்டிகளையும் விட்டு முன்னதாகவே பிரிந்த குட்டி, கடியின் அளவை அறியாமலே வளர்ந்துவிடும். குட்டியைத் தாயுடன் பார்த்து வாங்குவதே முறை. தாயைக் காட்ட மறுக்கும் விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். தாய் அஞ்சி ஒடுங்கினாலோ சீறினாலோ, குட்டிகளிடமும் அக்குணம் வரக்கூடும்.

கண்ணும் மூக்கும் தூய்மையாக இருக்க வேண்டும். வயிறு மட்டும் பானைபோல் உப்பியிருந்தால் குடற்புழு இருக்கலாம். வெண்மை மிகுந்த குட்டிகளில் காது கேளாதவையும் உண்டு; பின்னால் நின்று கை தட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பாய்ந்து வந்து ஏறும் குட்டியும் வேண்டாம், மூலையில் ஒளியும் குட்டியும் வேண்டாம். அருகில் வந்து மோந்து பார்த்து நிற்கும் குட்டியே குடும்பத்துக்கு ஏற்றது. பரம்பரைச் சான்றிதழ் இருப்பது நல்லதே. ஆனால் அது நாயின் மரபைத்தான் கூறும். உடல்நலத்துக்கோ குணத்துக்கோ உறுதி ஆகாது.

உணவும் பராமரிப்பும்

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், பின்னர் இரண்டு வேளையும் உணவு தரலாம். தயிர்ச் சோறு மட்டும் போதாது. வேக வைத்த முட்டை, எலும்பு நீக்கிய கோழி இறைச்சி, மீன் இவற்றுள் ஒன்றை உப்பும் காரமும் இன்றிச் சோற்றுடன் பிசைந்து தர வேண்டும். வெங்காயம் சேர்ந்த குழம்பு, சாக்லேட், திராட்சை ஆகியவை நாய்க்கு நஞ்சு. வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். சிறிய நாய் விரைவில் பருத்துவிடும். ஆளுக்கு ஒரு பிஸ்கட் என்று வீட்டார் அனைவரும் போடுவதை நிறுத்த வேண்டும்.

கோடையில் வெயில் ஏறுமுன்னும் பொழுது சாய்ந்த பின்னுமே வெளியில் அழைத்துச் செல்ல வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்துச் சூடு பொறுக்காவிட்டால், நாயின் பாதத்துக்கும் அது பொறுக்காது. நாள்தோறும் காது மடலிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சல் கண்ட நாயின் ஈறு வெளிறும். சில வேளை சிறுநீர் சிவக்கும். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தடுப்பூசியில் அலட்சியம் கூடாது

ஆறு முதல் எட்டு வாரத்தில் கூட்டுத் தடுப்பூசியைத் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒரு தவணை போட வேண்டும். 1978-ல் கண்டறியப்பட்ட பார்வோ என்ற வைரஸ் நோய், இரத்தக் கழிச்சலை உண்டாக்கி, தடுப்பூசி போடாத குட்டிகளைச் சில நாட்களில் கொன்றுவிடும். எலி பிடிக்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் தடுப்பு மிக அவசியம். நாயின் சிறுநீர் வழியாக அந்நோய் மனிதருக்கும் வரும்.

மூன்று மாதம் நிறைந்ததும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின் ஆண்டுதோறும் போட வேண்டும். வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. வீட்டு நாய்தானே, சிறு கீறல்தானே என்று விடலாகாது. கடித்த இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

தோட்டத்தில் தனிக் கவனம்

இங்கிலாந்தில் டெர்ரியர் மூக்கை நுழைத்த வளையில் நரியோ முயலோ இருந்தது. தமிழகத்து வயல் வரப்பின் வளையில் எலியைத் தேடி வந்த நல்ல பாம்போ கண்ணாடி விரியனோ இருக்கும். ஆகவே வரப்பிலும் வைக்கோற்போர் அருகிலும் வாரைக் கையில் பிடித்தே நடத்த வேண்டும். கைப்பிடிச் சுவர் இல்லாத கிணற்றுப் பக்கம் அவிழ்த்துவிடக் கூடாது.

டெர்ரியர் உள்ள தோட்டத்தில் எலி மருந்து வைப்பதும் ஆபத்தே. சிங்க் பாஸ்பைடு கலந்த இரையை நேரே தின்றாலும், புரோமடையலோன் தின்று செத்த எலியைத் தின்றாலும் நாய்க்கு ஆபத்து. பின்னதில் நஞ்சு சில நாள் கழித்தே வேலை காட்டி, உள்ளே இரத்தம் கசியும். சந்தேகம் வந்தால் மருந்தின் உறையுடன் கால்நடை மருத்துவரிடம் ஓட வேண்டும். நாயும் மருந்தும் ஒரே களத்தில் வேண்டாம். கிட்டி வைத்து எலி பிடிப்பதே நலம்.

இத்தனையும் செய்ய இயலும் குடும்பத்துக்கு டெர்ரியரைப் போன்ற தோழன் கிடைப்பது அரிது. அறிவுள்ளது, அஞ்சாதது, அலுக்காதது. இயலாதவர் ஆசையை ஒத்திப் போடுவதே அந்தக் குட்டிக்குச் செய்யும் உதவி. விலை கேட்பதற்கு முன், யார் நடத்திச் செல்வது, யார் ஊசிக்குக் கொண்டு போவது என்று வீட்டார் உட்கார்ந்து பேசி முடிவு செய்ய வேண்டும்.