பிடிக்கத் தெரிந்த கைக்குக் காக்கத் தெரியாதா?

2019ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்தன. அதற்கு ஐந்தாம் நாள் இரவு, அக்கொடுமையின் எச்சம் நமது சாய்ந்தமருதில் ஒரு வாடகை வீட்டில் வெடித்துச் சிறுவர்களையும் சேர்த்துப் பலிகொண்டது. புதிதாகக் குடிவந்தோர்மீது ஐயுற்றுத் தகவல் கொடுத்தவர்கள் அவ்வூர் மக்களே. அதனைப் பலர் வசதியாக மறந்துவிட்டனராதலின் இங்கு நினைவூட்டுகிறோம். அவ்விசாரணையில் தேடப்பட்ட ஐவர் மத்திய கிழக்கில் வைத்துப் பிடிக்கப்பட்டு, ஜூன் மாதம் 14ஆம் நாள் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டனர். குண்டு வெடித்து இரண்டு மாதம்கூட நிறையவில்லை. இன்டர்போல் உதவிற்று, தூதரகங்கள் விழித்திருந்தன, விமானம் காத்திருந்தது.

இதனை நாம் குறைகூறவில்லை. கொலைஞன் கடல்கடந்தால் தப்பிவிடலாம் என்னும் நிலை எந்த நாட்டுக்கும் நல்லதன்று. நாம் கேட்பது வேறு. அதே வளைகுடா நாட்டில், மருதமுனையிலோ நிந்தவூரிலோ இருந்து பிழைப்புக்குச் சென்ற ஓர் ஏழை கைது செய்யப்பட்டால், இந்த வேகத்தில் பத்தில் ஒரு பங்காவது அவனுக்குக் கிடைக்கிறதா?

சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் கல்முனையில் எமது அலுவலகத்துக்கு வந்தார். மகனைப் பிடித்துவிட்டார்கள் என்று உடன் வேலைசெய்யும் ஒருவன் தொலைபேசியிற் சொன்ன செய்தியைத் தவிர அவரிடம் வேறொன்றுமில்லை. எந்தச் சிறை, என்ன குற்றச்சாட்டு, எப்போது விசாரணை? எதுவும் தெரியாது. முகவரின் தொலைபேசி ஓய்ந்துவிட்டது. கொழும்பில் ஒரு காரியாலயம் மற்றொரு காரியாலயத்தைக் காட்டிற்று. “எந்தக் கோட்டுக்கு மனே நான் போற?” என்று கேட்டார். நீதவான் நீதிமன்றமும் மேல் நீதிமன்றமும் கூப்பிடு தூரத்தில் இருக்கும் நகரில், இருபது ஆண்டுக்கும் மேலாகச் சட்டத்தொழில் செய்யும் எம்மால் அக்கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை.

சட்டம் இல்லாமலில்லை. தேடப்படுவோரை நாட்டுக்கு நாடு ஒப்படைப்பதற்கு 1977ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஒரு நாட்டிலுள்ள சாட்சியத்தை மற்றொரு நாட்டின் வழக்குக்குப் பெறுவதற்கு, 2002ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கக் குற்றவியற் கருமங்களில் பரஸ்பர உதவியளித்தற் சட்டம் உண்டு. 2018ஆம் ஆண்டின் திருத்தம் அதன் கதவை இன்னும் சற்று அகலத் திறந்தது. தண்டனை பெற்றவர் எஞ்சிய காலத்தைச் சொந்த நாட்டுச் சிறையிற் கழிப்பதற்கு 1995ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் உண்டு. இந்தியாவுடன் 2010ஆம் ஆண்டு ஜூன் மாதம் இவற்றுட் பின்னைய இரண்டும் பற்றித் தனித்தனி உடன்படிக்கைகளும் கைச்சாத்தாயின. ஆனால், இவ்வகை ஏற்பாடுகளில் வேண்டுகோள் அரசிடமிருந்து அரசுக்குச் செல்வது. வழக்குத் தொடுப்போன் கேட்டாற் சாட்சியம் கடல்கடந்து வரும். குற்றஞ்சாட்டப்பட்டவன் கேட்டால்? அவனுக்கு வாசலே இல்லை. கைதி இடமாற்றமோ தண்டனைக்குப் பின் வரும் ஆறுதல். 2024ஆம் ஆண்டு டிசம்பரில் குவைத்திலிருந்து 32 கைதிகள் அவ்வாறு கொண்டுவரப்பட்டனர், மகிழ்ச்சியே. மரண தண்டனை நிறைவேறியபின் இடமாற்றுவதற்கு யார் இருக்கிறார்?

மூதூர் ரிசானா நபீக்கை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். கல்முனைக்கு வடக்கே, இதே கிழக்குக் கரையிற் பிறந்த பெண். 2005ஆம் ஆண்டு மே மாதம் வீட்டுப் பணிப்பெண்ணாகச் சவூதி அரேபியா சென்றார். ஒரு மாதமும் ஆகுமுன், அவர் பொறுப்பில் விடப்பட்டிருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது. குழந்தை பால் புரையேறி இறந்ததென்பது அவர் கூற்று. அக்கூற்று உண்மையா என்று தீர்ப்பளிக்க நாம் வரவில்லை; இறந்த குழந்தைக்கும் நீதி உண்டு, அதன் பெற்றோரின் துயரும் துயரே. நாம் பார்ப்பது வழக்கு நடந்த வகையை.

கடவுச்சீட்டின்படி அவர் 1982இற் பிறந்தவர். பிறப்புச் சாட்சிப்பத்திரத்தின்படியோ 1988 பெப்ரவரியிற் பிறந்தவர். முன்னதை நம்பினால் வயது 23. பின்னதை நம்பினால் 17. ஆறு வருடத்தைக் கூட்டி எழுதியது பிழைப்புக்கு ஆள் அனுப்பும் வாணிகத்தின் கைவரிசை. பதினெட்டு வயது நிரம்பாதவர் செய்த குற்றத்துக்கு மரண தண்டனை கூடாதென்பது, சவூதி அரேபியாவும் 1996இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் விதி. ஆகவே அந்தப் பெண்ணின் உயிர் ஒரு தாளிலே தொங்கிற்று. அந்தத் தாள் இலங்கையில் இருந்தது! நாட்டுக்கு நாடு சாட்சியம் அனுப்பும் சட்டம் எதற்காக உண்டாயிற்றோ, அதற்கு இதைவிடப் பொருத்தமான வழக்கு எது?

2007ஆம் ஆண்டு ஜூன் மாதம் 16ஆம் நாள் தவாத்மி நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதுவரை அவருக்கெனச் சட்டத்தரணி எவரும் இருக்கவில்லை. தமிழ் மட்டுமே அறிந்த பெண்ணின் ஒப்புதல் வாக்குமூலத்தை அரபுக்கு மாற்றியவர் தகுதிபெற்ற மொழிபெயர்ப்பாளர் அல்லர் என்ற குற்றச்சாட்டு பின்னர் எழுந்தது. அப்போது அம்மனிதர் அந்நாட்டை விட்டே போய்விட்டிருந்தார். ஒப்புதலை ரிசானா மறுத்தார், பயனில்லை. மேன்முறையீட்டுக்கு வேண்டிய பணத்தை ஹொங்கொங்கிலுள்ள ஆசிய மனித உரிமைகள் ஆணைக்குழு திரட்டிற்று. குடிமகள் நம்முடையவள், கட்டணம் பிறர் தருமம். அதன்பின் தூதுக்குழுக்கள் சென்றன, மன்னருக்குக் கருணை மனுக்கள் சென்றன. 2013ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் நாள் தண்டனை நிறைவேற்றப்பட்டது.

கருணை கேட்பது தவறென்று சொல்லவில்லை. ஆனால், கைதான முதல் வாரத்திற் சட்டத்தரணியையும் மொழிபெயர்ப்பாளரையும் பிறப்புச் சாட்சிப்பத்திரத்தையும் அனுப்பவேண்டிய அரசு, எல்லாம் முடிந்தபின் கண்ணீரை அனுப்பியது.

“அது அவர்கள் நாடு, அவர்கள் சட்டம்; நாம் என்ன செய்யலாம்?” என்பார் உளர். இதற்கு விடை நம் நாட்டு அனுபவத்திலேயே இருக்கிறது. 2015ஆம் ஆண்டு, அதே சவூதி அரேபியாவில், கல்லெறிந்து கொல்லும் தண்டனை விதிக்கப்பட்ட மற்றொரு இலங்கைப் பணிப்பெண்ணுக்காக இம்முறை அரசு முயன்றது, மேன்முறையீடு நடந்தது, மறு ஆண்டு தொடக்கத்தில் அத்தண்டனை மூன்றாண்டுச் சிறையாகக் குறைந்தது. நாடு அதே நாடு. சட்டம் அதே சட்டம். நாம் சென்று நின்றோம் என்பதே வேற்றுமை. கைதான அயல்நாட்டவரின் தூதரகத்துக்கு, அவர் வேண்டினால், தாமதமின்றி அறிவிக்கவேண்டும் என்பது 1963ஆம் ஆண்டின் வியன்னாச் சமவாயத்தின் 36ஆம் உறுப்புரை. அதனைக் கையிலெடுத்து, ஒரேயொரு மனிதருக்காக இந்தியா ஹேக் நகரத்துச் சர்வதேச நீதிமன்றம்வரை சென்றது. ஜாதவ் வழக்கில் 2019 ஜூலையிற் பாகிஸ்தானுக்கு எதிராகத் தீர்ப்பும் பெற்றது.

பிலிப்பைன்ஸ் நாட்டைப் பாருங்கள். 1995 மார்ச்சில் அந்நாட்டுப் பணிப்பெண் ஒருவர் சிங்கப்பூரிலே தூக்கிலிடப்பட்டார். மக்கள் கொதித்தெழுந்தனர். ஜூன் மாதத்திலேயே புதிய சட்டம் பிறந்தது. வெளிநாட்டில் வழக்கிற் சிக்கிய தொழிலாளருக்கென்று தனிச் சட்ட அதிகாரியும், பத்துக்கோடி பெசோ நிதியும் அச்சட்டத்தில் எழுதப்பட்டன. நமது ஆட்சியாளர் ரிசானாவின் மரணத்துக்குப் பின் செய்தது என்ன? சவூதிக்குச் செல்லும் பணிப்பெண்ணின் வயதெல்லையை 25 ஆக உயர்த்தினர். சிறு குழந்தை உள்ள தாய் போகக்கூடாதென்றனர். 2022இற் கருவூலம் காலியாகி அந்நியச் செலாவணி வேண்டியிருந்தபோது அத்தடைகளைத் தளர்த்தினர். போகாதே என்று சொல்லவும் போ என்று சொல்லவும் தெரிந்தவர்களுக்கு, போன இடத்திற் பக்கத்தில் நிற்கத் தெரியவில்லை.

வலியோரின் விடயத்தில் இந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்பதும் வேடிக்கையே. மத்திய வங்கிப் பிணைமுறி வழக்கிலே தேடப்படும் முன்னாள் ஆளுநர் அர்ஜுன மகேந்திரனைச் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவர 2019இல் வேண்டுகோள் போயிற்று. அவர் இன்னும் வரவில்லை.

பணமில்லை என்று சொல்லவேண்டாம். வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் 1985ஆம் ஆண்டின் சட்டத்தால் உண்டானது. ஒவ்வொரு தொழிலாளியும் புறப்படுமுன் அதற்குப் பதிவுக் கட்டணம் கட்டுகிறான். அப்பணத்தில் ஒரு பங்கைக் குற்றவழக்கு எதிர்வாதத்துக்கென்று சட்டத்தாலேயே ஒதுக்கவேண்டும். அமைச்சரின் மனமிரங்கலுக்கு விடக்கூடாது. வளைகுடாத் தூதரகம் ஒவ்வொன்றிலும் தமிழும் அரபும் அறிந்த சட்ட அலுவலர் ஒருவர் இருக்கவேண்டும். அரபு மதரசாக்களிற் கற்றுத் தேர்ந்தோர் நிறைந்த இக்கரையில் அதற்கு ஆளில்லை என்று எவரும் சொல்லத் துணியார். கைதானவரின் குடும்பம் பிறப்புச் சாட்சிப்பத்திரம், வைத்திய அறிக்கை, சத்தியக்கூற்று ஆகியவற்றைக் கல்முனையிலேயே ஒப்படைத்தால், அவை நீதியமைச்சின் வழியாக உரிய நீதிமன்றத்துக்கு உத்தியோக முத்திரையுடன் போய்ச்சேரப் பரஸ்பர உதவிச் சட்டத்தைத் திருத்தவேண்டும். தொழில் உடன்படிக்கைகள் புதுப்பிக்கப்படும்போது, கைது நடந்து இத்தனை மணித்தியாலத்துள் தூதரகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று எண்ணிக்கையோடு எழுதவேண்டும். “தாமதமின்றி” என்ற சொல்லுக்கு ஒவ்வொரு சிறையதிகாரியும் ஒவ்வொரு பொருள் கொள்வான்.

இக்கோரிக்கைகளை மனுவாக எழுதித் திகாமடுல்லை மாவட்டப் பாராளுமன்ற உறுப்பினர் அனைவருக்கும், கட்சி வேறுபாடின்றி, பதிவுத் தபாலில் அனுப்பியுள்ளோம். இன்றைய நாளில் வெளிநாட்டுச் சிறைகளில் எத்தனை இலங்கையர் உளர், அவர்களுள் எத்தனை பேருக்குச் சட்டத்தரணி உண்டு என்னும் இரண்டு கேள்விகளைச் சபையிற் கேட்கும்படி வேண்டியுள்ளோம். அவர்கள் தரும் பதிலையும், பதில் தராதோர் பெயரையும் இதே பக்கத்தில் வெளியிடுவோம்.