வெள்ளிக் காசும் வேந்தன் அன்னையும்

பழங்காசு தொகுத்தல் அறிவுடையோர்க்கு ஏற்ற பொழுதுபோக்கு என்பதில் ஐயமில்லை. அதிலும் உரோமப் பேரரசியரின் உருவம் பொறித்த வெள்ளிக் காசுகளையே தேடித் தொகுப்போர் மேனாட்டிற் பலர். நம் நாட்டிலும் சிலர் உளர். சபீனா, பௌஸ்தீனா, ஜூலியா தோம்னா என அரசியரை நிரல்படுத்தி, அவர்தம் கூந்தல் முடிப்பின் வேறுபாட்டையும் கண்டு மகிழ்வர். அம்மகிழ்ச்சியை நான் குறைகூறேன். ஆயினும், தமிழ் மண்ணிற் கிடைக்கும் காசைப் பொறுத்தவரை, அதனை வைக்கும் பேழையினும், அது கிடந்த இடமும் உடன்கிடந்த கூட்டமுமே பெரியன என்பது என் துணிபு.

இந்நாட்டிற் கிடைத்த உரோம வெள்ளிக் காசுகளுள் மிகுதியானவை இருவகையின. ஒன்று, அகஸ்துஸ் மன்னன் தன் பேரர் இருவரையும் பொறித்து வெளியிட்டது. மற்றொன்று, அவன்பின் கி.பி. 14 முதல் 37 வரை ஆண்ட திபேரியுஸ் வெளியிட்டது. பின்னதன் ஒருபுறம் மன்னன் தலை; மறுபுறம் செங்கோலும் கிளையும் ஏந்தி அமர்ந்த ஒரு பெண். இவள் அகஸ்துஸின் மனைவியும் திபேரியுஸின் தாயுமாகிய லிவியா என்பர் பலர். அமைதித் தெய்வம் என்பர் சிலர். அவள் பெயர் காசில் இல்லை. மகனது தலைமைக் குருப் பட்டமே அவளைச் சூழ்ந்துள்ளது. வரி கொடுத்தல் தகுமோ என வினாவியவரிடம் இயேசுநாதர் காட்டச் சொன்ன காசும் இதுவே என்பது நெடுநாள் வழக்கு.

இக்காசு நம்மிடையே எவ்வளவு வந்தது! கோயமுத்தூரை அடுத்த வெள்ளலூரில் 1842இல் கிடைத்த புதையலில் மட்டும் 500க்கு மேற்பட்ட வெள்ளிக் காசுகள் இருந்தன. பொள்ளாச்சியும் கரூரும் இவ்வகையிற் பெயர் பெற்றவை. முசிறியில் யவனர் பொன் கொணர்ந்து மிளகு கொண்டு சென்றதை அகநானூற்று 149ஆம் செய்யுள் கூறும். கொங்கு மண்ணோ வெள்ளியையும் மிகுதியாகக் காட்டுகின்றது. பாட்டு விட்டதை மண் நிரப்பிற்று. படியூர்ப் பச்சைக்கல்லும் பாலக்காட்டுக் கணவாய் வழியும் இதற்குத் துணைநின்றன எனலாம். மகளிர் அணிகலன்பொருட்டு உரோமச் செல்வம் அயலாரிடம் செல்கின்றதென வருந்தியவன் இத்திபேரியுஸே. அவன் காசிலேயே ஒரு பெண் அமர்ந்து தமிழகம் வந்தாள்!

இனி, ஒரு காசு தனியே யாது சொல்லும்? மன்னன் பெயர் சொல்லும், அவ்வளவே. கூட்டமாகக் கிடப்பின், எக்காசு மிக்கது, எது அருகியது, எது தேய்ந்தது என்பன புலனாம். கி.பி. 64இல் நீரோ வெள்ளிக் காசின் நிறையையும் தரத்தையும் குறைத்தான். அதன்பின் வெளிவந்த வெள்ளி இங்கு அருகியே கிடைக்கின்றது. நம் வணிகர் மன்னன் முகத்தை அன்றி மாற்றையே நோக்கினர் என அறிஞர் கொள்வது இத்தகைய புதையல்களைக் கொண்டன்றோ? அழகிய ஒன்றைப் பொறுக்கி விற்றபின், எஞ்சியது பக்கம் கிழிந்த ஏடே.

தொகுப்போர் இல்லையேல் தட்டாரின் மூசையில் இவை உருகியிருக்கும் என்பர். அது மெய்யே. எனினும், விலை ஏறும்தோறும் இடத்தை மறைத்து விற்கும் ஆசையும் ஏறுகின்றதே! 1878ஆம் ஆண்டுப் புதையற் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கண்டோர் மாவட்ட ஆட்சித் தலைவர்க்கு அறிவிக்கவேண்டும் என்கிறது. கண்டெடுத்தவன் உரிமையையும் அதுவே வகுத்துள்ளது. இதனை உழவர்க்கு எடுத்துரைப்பார் யார்?

நம் ஜவ்வாது மலைப்பகுதி மக்கள், புதிய கற்காலக் கற்கோடரிகளை மரத்தடியில் வைத்து வழிபட்டு வருகின்றனர். விலை கருதாது காத்த அவர்கள், கற்ற நமக்கு ஆசிரியர் ஆகின்றனர். மாணவ நண்பர்காள்! விடுமுறையில் ஊர் செல்லும்போது, பழம்பொருள் யாதேனும் காணின், இடத்தைக் குறித்து, படம் எடுத்து, உரியோர்க்கு அறிவியுங்கள். பேரரசியைக் காணும் ஆசையுள்ளோர் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திற் கண்டு மகிழ்க. அங்கே அவள் தனியள் அல்லள். தன் கூட்டத்தோடு பேசுகின்றாள்.