அணைந்த விளக்கில் மறைந்திருக்கும் ஆபத்து

கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கியதும், பரணில் கிடந்த சீரியல் விளக்குகள் குடிலை அலங்கரிக்க இறங்கி வருகின்றன. இன்று எல்.இ.டி. சரங்கள் பெருகிவிட்டன. எனினும் மின்னிழை பல்புகள் கோத்த பழைய சரங்களைப் பத்திரமாக வைத்திருக்கும் இல்லங்களும் உண்டு. அச்சரத்தில் ஒரு பல்பு பழுதானால் எல்லாமே அணைந்துவிடுகின்றன. அது ஏன்? பழுதானதைக் கண்டறிவது எப்படி? இதை அறிந்துகொள்வது ஓர் உயிரையே காக்கக்கூடும் என்பதால், இத்திங்கள் இதனை விளக்குவோம்.

மின்சுற்றில் அளக்க வேண்டியவை மூன்று. மின்சாரத்தை உந்தித் தள்ளுவது மின்னழுத்தம். அதன் அலகு வோல்ட். பாய்ந்து செல்வது மின்னோட்டம். அதன் அலகு ஆம்பியர். அப்பாய்ச்சலைத் தடுப்பது மின்தடை. அதன் அலகு ஓம். மின்னழுத்தத்தை மின்தடையால் வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும். இவ்விதியை 1827-இல் நூலாக வெளியிட்டவர், பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனான ஜார்ஜ் சைமன் ஓம் என்னும் ஜெர்மானியப் பள்ளி ஆசிரியர். தாயகத்தில் தொடக்கத்தில் போதிய மதிப்புப் பெறாத அவருக்கு, 1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கிச் சிறப்பித்தது.

இனி நம் சரத்துக்கு வருவோம். அதில் 40 பல்புகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடரிணைப்பில் உள்ளன என்றும், ஒளிரும்போது ஒவ்வொன்றின் தடையும் 57.5 ஓம் என்றும் கொள்வோம். தொடரிணைப்பில் தடைகளைக் கூட்ட வேண்டும். மொத்தத் தடை 2300 ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் மின்னோட்டம் 0.1 ஆம்பியர். ஒவ்வொரு பல்பின் பங்கும் 5.75 வோல்ட்டே.

இப்போது ஒரு பல்பின் இழை அறுந்துவிட்டது. பாதை துண்டிக்கப்பட்டதால் மின்னோட்டம் நின்றுவிடுகிறது. ஓட்டமில்லாத 39 பல்புகளிலும் மின்னழுத்தம் சுழி. அப்படியானால் 230 வோல்ட் எங்கே போயிற்று? அது முழுவதும் அறுந்த பல்பின் இரு முனைகளுக்கிடையே வந்து நிற்கிறது! "விளக்குத்தான் அணைந்துவிட்டதே" என்று எண்ணி அதன் முனைகளைத் தொடுபவர் வீட்டு மின்சாரம் முழுவதையும் தொடுகிறார். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட வேண்டும்.

அதன்பின் மல்டிமீட்டரை ஓம் அளவையில் வைத்து, ஒவ்வொரு பல்பாகக் கழற்றிச் சோதிக்கலாம். நல்ல பல்பு குறைந்த தடையைக் காட்டும். குளிர்ந்த இழையின் தடை ஒளிரும் இழையின் தடையைவிட மிகக் குறைவு, ஆகவே 57.5 ஓம் காட்டவில்லையே என்று மயங்க வேண்டாம். அறுந்த பல்பில் மீட்டர் முடிவிலியைக் காட்டும். மின்சாரம் இருக்கும்போது ஓம் அளவையை ஒருபோதும் பயன்படுத்தலாகாது. மாணவர்கள் மற்றொன்றையும் மனத்தில் கொள்ள வேண்டும். வோல்ட்மீட்டரைப் பக்க இணைப்பிலும், அம்மீட்டரைத் தொடரிணைப்பிலும் பொருத்த வேண்டும். அம்மீட்டரின் தடை மிகச் சிறியது; அதை மின்வழங்கியின் இரு முனைகளுக்கு நேரே இணைத்தால் பெரும் மின்னோட்டம் பாய்ந்து கருவியும் கெடும், தீங்கும் நேரும்.

பழுதான பல்பை நீக்கிவிட்டுக் கம்பிகளை முறுக்கி விடும் பழக்கமும் தவறே. பத்துப் பல்புகளை இவ்வாறு நீக்கினால், மீந்த 30 பல்புகளும் 230 வோல்ட்டைப் பங்கிட்டுக்கொள்ளும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 7.7 வோல்ட் கிடைக்கும். அவை பளிச்சென ஒளிரும். அதைக் கண்டு மகிழ்கிறோம். ஆனால் அளவுக்கு மீறிய சூட்டினால் அவை விரைவில் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்துபோகும். அருகிலோ குடிலின் வைக்கோலும் காகிதமும்! பழுதான பல்புக்குப் பதில் அதே அளவுள்ள புதியதைப் பொருத்துவதே முறை. கிடைக்காவிடில் அச்சரத்தைக் கைவிடுவதே விவேகம்.

பெற்றோரே, குடில் அமைக்கப் பிள்ளைகள் ஆர்வத்துடன் முன்வரும்போது இந்தக் கணக்கை அவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். அணைந்த விளக்கில் ஆபத்தில்லை என்னும் எண்ணம் அவர்கள் உள்ளத்தில் வேரூன்ற இடமளியாதீர்கள்.