சிப்பிப்பாறைக்கு ஏன் தொப்பை?

கானாடுகாத்தானுக்கு வருகிற பயணிகள் வாங்கிச் செல்ல, காரைக்குடிக் கண்டாங்கித் துணியில் ஒரு நாய்ப் பொம்மை செய்யலாம் என்பாரோடு நமக்குப் பிணக்கில்லை. நம் தென்மாவட்டத்துச் சிப்பிப்பாறையை மாதிரியாக வைத்துக்கொண்டு, அதன் ஒட்டிய வயிற்றில் பஞ்சைத் திணித்து, நீள்முகத்தைச் சப்பையாக்கி, 'இப்படியிருந்தால்தான் குழந்தைகளுக்குப் பிடிக்கும்' என்பாரோடுதான் பிணக்கு.

1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமான வால்டி, உயிருள்ள ஒரு டாக்ஸ்ஹண்ட் நாயைப் பார்த்து உருவானது. ஓட்ல் ஐஷர் அதற்கு நீலத் தலையும் பலவண்ணப் பட்டைகளும் தந்தார். நீண்ட உடலையும் குட்டைக் கால்களையும் தொடவில்லை. (மாரத்தான் பாதையைக்கூட அந்நாயின் வடிவில் வரைந்தார்கள்!) கண்டாங்கியின் கட்டங்களும் அவ்விதம் சிப்பிப்பாறையின்மேல் ஏறட்டுமே.

சப்பை மூக்கு மோகம் பொம்மையோடு நிற்பதுமில்லை. 2003இல் ஹட்ச் விளம்பரத்தில் பக் நாய் வந்ததும் அதைத் தேடி ஓடினோம். மூச்சுக்குத் திணறும் இனத்தை நம் வெயிலில் வளர்த்தோம். முயல் விரட்டிய வேட்டைநாயை மறந்தோம். பொம்மை செய்வோர் முதலில் ஒரு சிப்பிப்பாறையின் விலாவைத் தடவிப் பார்க்கட்டும். கத்திரியைப் பிறகு எடுக்கலாம்.